பச்சைத் தகட்டுப் புலி

ஹனூர்
28.11.1996

ஜடையனுக்கு அக்கா சித்தம்மா எழுதியது.

நீ, நிர்மலா, குழந்தை மேதா எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை.

நேற்று உன் டிவி ஃபேக்டரி லாரி மறுபடி வந்தது. தீபாவளிக்கு முன்னால் வந்ததுதான் கடைசி என்று நினைத்திருந்தேன். கிணற்று மேட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. டிவிக்குள்ளே இருக்கிற பச்சைத் தகடுகள், கண்ணாடிக் குடங்கள், சிக்குப் பிடித்த ஒயர்கள். டிரைவர் பசவராஜைக் குறை சொல்ல முடியாது. மோர் கொடுத்தேன், குனிந்த தலை நிமிராமல் குடித்தான். "ஏன் மாடோது அக்கா, என்ன பண்றது, ஆர்ட்டிஸ்ட் ஸார் சாமான்னு சொல்லி ஏத்தி வுடறாங்க" என்றான். அந்த ஆர்ட்டிஸ்ட் ஸார் நீதான் என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது.

ஆடி மாதம் வந்தபோது என்ன சொன்னாய்? "தசராவுக்கு இன்னொரு யானை செய்யறேங்க்கா, சாமான் போட்டு வைக்க எடமில்ல. ரெண்டு மாசம் உன்ற தோட்டத்துல கெடக்கட்டும்." சரி என்றேன். பழைய டிவித் தகட்டில் யானை செய்து மைசூர் பொருட்காட்சியில் பரிசு வாங்கினவன் என் தம்பி என்று எனக்கும் பெருமைதான். தசரா முடிந்து எத்தனை நாளாகிறது? ஒரு யானைக்கு எவ்வளவு தகடு வேண்டும்? நீ என்ன, காட்டு யானைக் கூட்டத்தையே செய்யப் போகிறாயா?

இங்கே எல்லாமே உன் மாமா வீட்டுச் சொத்து. நான் தேய்க்கிற சட்டிகூட மாமியார் காலத்துச் சட்டி. அந்தக் கிணறும் அதைச் சுற்றிய தோட்டமும் மட்டும்தான் அப்பன் என் பேருக்கு எழுதி வைத்தது. வீட்டில் சண்டை வந்தால் நான் போய் உட்காருகிற இடம் அது ஒன்றுதான். இப்போது அங்கே கால் வைக்க இடமில்லை. வந்து அள்ளிக்கொண்டு போ.

சித்தம்மா


மைசூர்
9.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று. பிழை இருந்தால் சிரிக்காதே.

நடந்ததைச் சொல்கிறேன். நான் இங்கே சேர்ந்தது போர்டு எழுதத்தான். 'புகை பிடிக்காதீர்', 'எச்சில் துப்பாதீர்', அவ்வளவுதான் என் கலை. ஃபேக்டரியில் பழுதாகிற தகடுகளைத் தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஒரு பழைய சாமான்காரர் வந்து எடுத்துப்போவார். அவர் அதை ஆசிட்டில் முக்கிச் செம்பு எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாக்கடையில் விடுகிறார் என்று பேச்சு வந்தது. அந்தக் கோபத்தில்தான் முதல் யானையைச் செய்தேன். நாம் தூக்கி எறிகிறது எங்கேயும் போவதில்லை, வளர்ந்து நம் எதிரிலேயே வந்து நிற்கும் என்று காட்ட நினைத்தேன். அம்பாரிக்குள் ஒரு உடைந்த பிக்சர் டியூப் வைத்தேன். பொருட்காட்சியில் நிறையப் பேர் சிரித்தார்கள், சிலர் நின்று யோசித்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஃபேக்டரிக்குப் போதவில்லை. எங்கள் மேலதிகாரி சுதர்ஷன் ஸார், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "ஜடையா, இனிமே நம்ம வேஸ்ட் எல்லாம் உன் ஆர்ட்டுக்குத்தான். இங்க ஒரு சைன் போட்டுடு மாராயா" என்றார். அவருக்கு எல்லோரும் மாராயாதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தவன் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? போட்டேன். குடியிருக்கக் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். இப்போது எந்த ஆபீசர் வந்து கேட்டாலும், கழிவெல்லாம் கலையாகிறது, ஆர்ட்டிஸ்ட்டிடம் இருக்கிறது என்று கையைக் காட்டுகிறார்கள். உன் தோட்டத்தில் கிடக்கிற குவியலுக்குச் சட்டப்படி சொந்தக்காரன் நான்.

முடியாது என்றால் குவார்ட்டர்ஸ் போய்விடும். மேதாவின் மூச்சிரைப்பு உனக்குத் தெரியும். மார்க்கெட் பக்கத்தில், வாழைத்தாருக்குப் புகை போடுகிற கிடங்குக்கு மேலே குடியிருந்தபோது அவள் நெஞ்சில் விசில் ஊதிக்கொண்டே இருக்கும். இங்கே வந்த பிறகுதான் வாயை மூடித் தூங்குகிறாள். நான் என்ன செய்ய? கொஞ்சம் பொறுத்துக்கொள் அக்கா.

ஜடையன்


ஹனூர்
27.12.1996

ஜடையனுக்கு,

பொறுத்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். பொறுத்தவர் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு ஆள்வதற்கு இருந்த பூமியில்தான் நீ குப்பையைக் கொட்டிவிட்டாயே.

நீ எழுதாத சேதி ஒன்றை நான் எழுதுகிறேன். உன் மாமா மல்லப்பன் ஒரு தொழில் கண்டுபிடித்துவிட்டார். ஒயரைக் குவித்துத் தீ வைத்தால் மேல்தோல் எரிந்து உள்ளே செம்புக் கம்பி நிற்கிறது. கொள்ளேகாலத்தில் அதை வாங்க ஆள் இருக்கிறார்களாம். சாம்பலோடு கம்பியைக் கிணற்று வாய்க்காலில் கழுவுகிறார். புகை கறுப்பாக எழுந்து வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. சோற்றில் அந்த வாசனை. என் தலைமுடியில் அந்த வாசனை. "வேண்டாமுங்க" என்றால், "உன்ற தம்பி அனுப்புன சீருதானே, எரிச்சா என்ன" என்கிறார்.

நேற்று எருது தொட்டியில் வாயை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தது. பசுவும் அப்படியே. தண்ணீரின் மேல் எண்ணெய் விட்டதுபோல் நிறம் ஓடுகிறது. நான் இரண்டு சோளக்காடு தாண்டி லிங்கம்மா வீட்டுக் கிணற்றில் போய்க் குடம் கொண்டுவருகிறேன். சொந்தக் கிணறு இருக்கிறவள் ஊரான் கிணற்றில் இறைப்பதை லிங்கம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மேதா நன்றாக மூச்சு விடுகிறாள் என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்லவில்லை. அந்தப் புகை அங்கேயிருந்து கிளம்பி அவள் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். பொங்கலுக்குள் நீ வந்து இதற்கு வழி செய்யாவிட்டால், எனக்குத் தம்பி பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

சித்தம்மா


மைசூர்
7.1.1997

அக்காவுக்கு,

சங்கராந்திக்கு லீவு கேட்டிருக்கிறேன். 'சாமான் தரம் பார்க்க' என்று சொல்லியிருக்கிறேன். அள்ளிக்கொண்டு வர என்னால் முடியாது. லாரி என்னுடையது இல்லை, கொட்ட எனக்கு வேறு இடமும் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்கிறேன்.

உன் தோட்டத்தை ஒட்டித்தானே மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் பாதை? அந்தக் குவியலிலிருந்தே ஒரு புலி செய்யப் போகிறேன். மலைமேல் இருக்கிற சிவன், நம் மாதப்பா, ஏறிப்போகிற புலி. ஆள் உயரத்துக்கு மேலே, வாயைத் திறந்துகொண்டு. மேலே யாரும் இருக்கமாட்டார்கள். இந்த விஷத்தின் மேல் சாமிகூட ஏறமாட்டார் என்று அர்த்தம். கழுத்தில் ஒரு பலகை, கன்னடத்திலும் தமிழிலும்: 'இது விஷம். யார் கொட்டினார்கள் என்று கேளுங்கள்.' சிவராத்திரிக்கு எவ்வளவு ஜனம் அந்த வழியாகப் போகும்! ஊர் கேட்டால் பேப்பர் கேட்கும். பேப்பர் கேட்டால் ஃபேக்டரி பதில் சொல்லியாக வேண்டும். நான் கையெழுத்துப் போட்டது யாருக்கும் ஞாபகம் வருவதற்குள் அவர்களே அள்ளிக்கொண்டு போவார்கள்.

மாமாவிடம் எதற்கு என்று சொல்லாதே. இரும்புக் கம்பி மட்டும் கொஞ்சம் வாங்கி வைக்கச் சொல்.

ஜடையன்


ஹனூர்
12.3.1997

ஜடையனுக்கு அக்கா எழுதியது.

பொங்கலுக்கு வந்து, சரியாகச் சாப்பிடக்கூட இல்லாமல், கையெல்லாம் கிழித்துக்கொண்டு அந்தப் புலியை நிறுத்திவிட்டுப் போனாய். உண்மையைச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. பச்சை உடம்பில் வெயில் பட்டபோது எனக்கே நெஞ்சு ஒரு தட்டுத் தட்டியது. அங்கேதான் பிடித்தது சனி.

சிவராத்திரிக்கு ஜனம் வந்தது. நின்றது. கேட்கத்தான் போகிறார்கள் என்று நான் வரப்பில் காத்துக்கொண்டிருந்தேன். தேவம்மா என்று பக்கத்து ஊர்க்காரி, காணாமல் போன எருமையைத் தேடிக்கொண்டு வந்தவள், முதலில் செருப்பைக் கழற்றினாள். அப்புறம் மடியிலிருந்து குங்குமத்தை எடுத்தாள். "மாதப்பா, எருமை கெடச்சா உனக்குத் தேங்கா ஒடைக்கறேன்" என்றாள். எருமை எங்கே போகும், அதற்குத் தெரிந்த குட்டையில்தான் கிடந்திருக்கும். சாயங்காலமே கிடைத்துவிட்டது. அவ்வளவுதான், மறுநாள் தேங்காய் உடைகிற சத்தத்தில் என் கோழிகள் முட்டை இடவில்லை. "உகே உகே மாதப்பா" என்று ஒரே கூச்சல்.

நீ படித்தவன், ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டாய். புலிமேல் ஆளில்லை என்றால் விஷம் என்றா இந்த ஊர்க்காரன் நினைப்பான்? ஏறுகிறவர் இனிமேல் வரப்போகிறார் என்று நினைப்பான். உன் பலகையைப் படித்தார்களா என்று கேட்பாய். படிக்கத் தெரியாதவர்கள் மஞ்சள் பூசினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் அதற்குமேல் விபூதி பூசினார்கள். இப்போது எழுத்தே தெரியவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். நீ குப்பையைப் பிடித்தாய், அது சாமியாகிவிட்டது. ஒரே ஒரு நல்லது: சாமி இருக்கிற இடத்தில் புகை ஆகாது என்று உன் மாமா ஒயர் எரிப்பதை நிறுத்திவிட்டார்.

சித்தம்மா


மைசூர்
24.3.1997

அக்கா,

உடனே அதைப் பிரித்துப் போடு. மாமாவிடம் கெஞ்சியாவது செய். முறுக்கிவிட்ட கம்பிகள்தான். கால் மூட்டில் நான்கு இடத்தில் தளர்த்தினால் தானாகச் சாய்ந்துவிடும்.

இங்கே பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. 'கழிவுக்குள் கடவுள்' என்று தலைப்பு. ஃபேக்டரியைக் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேனே! சுதர்ஷன் ஸார் அதை வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். "நம்ம வேஸ்ட்டுக்கே பூஜை நடக்குது பாரு மாராயா! உலகத்துல எந்தக் கம்பெனிக்கு இந்த பாக்கியம்?" என்று எல்லோர் எதிரிலும் என் தோளைத் தட்டினார். இனி நஞ்சன்கூடு யூனிட்டின் கழிவும் எனக்கே என்று உத்தரவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை. என் கலைக்கு அவர்கள் செய்கிற உதவியாம்.

அக்கா, நான் எதைச் செய்தாலும் அது இன்னொரு லாரியாக உன் தோட்டத்துக்குத் திரும்பி வருகிறது. எனக்குக் கம்பியைத் தொடவே பயமாக இருக்கிறது. நேற்று மேதாவுக்கு ஒரு குருவி செய்து கொடு என்றாள் நிர்மலா. செய்யவில்லை.

ஜடையன்


ஹனூர்
16.4.1997

ஜடையனுக்கு,

பிரித்துப் போடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு என்ன?

யுகாதிக் கூட்டம் போனதும், உச்சி வெயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கடப்பாரையோடு போனேன். முதல் கம்பியை நெம்புவதற்குள் லிங்கம்மா பார்த்துவிட்டாள். ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "ஆயா, சாமிங்க அது, கைய வெச்சுப்போடாதீங்க, ஊரே அழிஞ்சுபோயிரும்" என்று அழுதாள். எனக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் அவள். அவளை மிதித்துவிட்டா நான் இடிப்பேன்? அதற்குள் உன் மாமா வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டார்.

உன் மாமா இப்போது பூசாரி. கழுத்தில் ருத்திராட்சம், நெற்றியில் பட்டை. நாற்பது வருஷமாக மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன். அவருக்கு அந்தக் குவியல் போகக் கூடாது, வளர வேண்டும். வளர்கிறது. பசவராஜ் லாரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஜனங்களே கொண்டுவந்து வைக்கிறார்கள். கண் வலிக்குக் கண்மலர் வாங்கி வைக்கிற ஜனம்தானே, தகட்டுப் புலிக்கு என்ன வைப்பது என்று அவர்களே யோசித்துவிட்டார்கள். பாடாத ரேடியோ, எரியாத டார்ச், செத்த பேட்டரி எல்லாம் புலியின் காலடியில். ஊருக்கு விஷம் என்று சொல்ல நீ ஒரு பொம்மை செய்தாய். ஊர் தன் விஷத்தையும் கொண்டுவந்து என் கிணற்றடியில் வைத்துவிட்டது.

இதைக் கேள். கிணற்று மேட்டைச் சுற்றி முள்வேலி கட்டிவிட்டார். தூரமான நாட்களில் நான் அந்தப் பக்கம் போகக் கூடாதாம், தீட்டாம். என் அப்பன் வெட்டிய கிணறு, என் பேரில் இருக்கிற மண், எனக்குத் தீட்டு. அந்த வேலிக்கு வெளியே நின்றுகொண்டு நான் அழுதேன் ஜடையா. அழுதது போதாதென்று, கையெடுத்துக் கும்பிட்டு, "புலியே, என்னை விட்டுப் போய்விடு" என்று வேண்டியும்விட்டேன். பார், நானும் அதற்குப் பக்தை ஆகிவிட்டேன்.

சித்தம்மா


மைசூர்
5.5.1997

அக்கா,

என்ன எழுதுவது என்று தெரியாமல் பல நாள் தள்ளிப்போட்டேன். புலி வாலைப் பிடித்தவன் கதை சொல்வார்களே, விடவும் முடியாது, பிடித்திருக்கவும் முடியாது. என் கதை அதைவிட மோசம். வாலைப் பிடித்திருப்பவன் நான், புலியின் வாய் உன் பக்கம்.

வேலையை விட்டுவிடலாம் என்று நிர்மலாவிடம் சொன்னேன். அவள் மேதாவின் மருந்துப் பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்தாள். விட்டாலும் கையெழுத்து அங்கேயே இருக்கும். குவியல் என் பேரில்தான் இருக்கும். உள்ளே இருந்தாலும் மாட்டினேன், வெளியே போனாலும் மாட்டினேன்.

இன்னொரு கூத்தும் கேள். ஃபேக்டரி கேட்டுக்கு எதிரில், ரோட்டைப் பார்த்து, ஒரு சிமெண்ட் மேடை கட்டியிருக்கிறார்கள். அதில் வைக்க எனக்கு ஒரு புலி வேண்டுமாம். ஹனூர்ப் புலி மாதிரியே, அதைவிட அழகாக. மந்திரி வந்து திறக்கிறார் என்று பேச்சு. செய்யமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, செய்யக் கை வரவில்லை. மேடை சும்மா கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

உன் கடிதத்தில் அந்த வேலியைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஜடையன்


ஹனூர்
15.5.1997

ஜடையனுக்கு,

மன்னிப்பையெல்லாம் மடித்துப் பெட்டியில் வை. நீ எழுதியதில் ஒரே ஒரு வரி உருப்படியானது. மேடை சும்மா கிடக்கிறது என்று எழுதினாயே, அது. நீ புதுப் புலி எதுவும் செய்யாதே. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. சும்மா இருக்கத்தான் உனக்கு நன்றாக வருமே.

ஒரு சாமியை இடிக்கக் கூடாது, சரி. ஆனால் வாகனம் என்றால் ஊர்வலம் போகத்தானே வாகனம்? ஒரே இடத்தில் நின்றால் அது என்ன புலி? திங்கட்கிழமை காலை கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது லிங்கம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன், புலி கனவில் வந்தது என்று. "மைசூர் வழியில எனக்கு மேடை கட்டி வெச்சிருக்கறாங்க, என்னெ ஏன்டி இங்கயே கட்டிப் போட்டிருக்கறே" என்று கேட்டது என்றேன். லிங்கம்மாவிடம் சொன்னால் தண்டோரா போட வேண்டாம். உன் மாமா முதலில் சிரித்தார். லாரியோடு வந்த பசவராஜ், "நிஜம்தான், மேடை கட்டி இருக்குது, நானே கண்ணால பாத்தேன்" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. மேடை கட்டியிருப்பது இந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும் என்று ஊரே என்னை ஒரு மாதிரி பார்க்கிறது. உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

"சரி, புலி போவட்டும், சாமானெல்லாம் இங்கயே இருக்கட்டும்" என்றார் உன் மாமா. இதற்குத்தான் காத்திருந்தேன். கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டேன்: "சிவன் சொத்து குலநாசமுன்னு கேட்டதில்லீங்களா? மாதப்பா காலடில வெச்சது எல்லாம் மாதப்பாது. ஒரு ஆணி நம்ம ஊட்டுல தங்குனாலும் வம்சம் வெளங்குமா?" உன் மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ரேடியோ வைத்தவர்களும் பயந்துவிட்டார்கள். குவியலில் எது ஃபேக்டரி கொட்டியது, எது ஜனம் வைத்தது என்று யார் பிரித்துப் பார்ப்பது? எல்லாமே சாமி சொத்து. கடைசித் துண்டு ஒயர் வரைக்கும் கூடவே போகும்.

வருகிற அமாவாசைக்குப் புறப்பாடு. பசவராஜ் லாரி இங்கே கொட்டிவிட்டுக் காலியாகத்தானே திரும்பும்? இனி இங்கே கிடப்பதை ஏற்றிக்கொண்டு நிறைந்தே திரும்பட்டும். உன் பலகையையும் அனுப்புகிறேன். வாகனத்துக்கு அபிஷேகம் செய்ய வேண்டும் என்று சொல்லி, லிங்கம்மா கிணற்றுத் தண்ணீரில் மஞ்சளையும் விபூதியையும் நன்றாகக் கழுவிவிட்டேன். எழுத்து பளிச்சென்று இருக்கிறது.

சித்தம்மா


மைசூர்
20.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னை என்னவென்று சொல்வது! நேரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

அமாவாசைக்கு மறுநாள் காலை ஷிப்ட் மாறுகிற நேரம். தூரத்திலேயே தாளச் சத்தம் கேட்டது. லாரியின் மேல் புலி, கழுத்தில் சாமந்தி மாலை, சுற்றிலும் ஹனூர் ஜனம். அப்போது அங்கே நின்ற தொழிலாளிகளில் பாதிப் பேர் மலைக்கு மாலை போடுகிறவர்கள். யாரையும் கேட்காமல் தோள் கொடுத்து இறக்கி மேடையில் வைத்துவிட்டார்கள். சுதர்ஷன் ஸார் முதலில் பூரித்துப்போனார். ஷூவைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

அப்புறம்தான் இரண்டாவது லாரி. மறுநாள் மூன்றாவது. புலியின் பின்னாலேயே சாமி சொத்து மலையாக ஏறிக்கொண்டிருந்தது. அவருக்கு வியர்த்தது. "ஏய், இது நம்ம வேஸ்ட்டு மாராயா, திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பேப்பர் நிருபர் ஒருவர் பக்கத்திலேயே நின்று புலியின் கழுத்துப் பலகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். 'யார் கொட்டினார்கள் என்று கேளுங்கள்.' கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அதைப் படித்துவிட்டுப் போகிறார்கள். நான் அந்த யானையைச் செய்தபோது எதிர்பார்த்தது இதைத்தான் அக்கா.

குவியலை உள்ளே எடுத்து ஷெட் போட்டு வைத்திருக்கிறார்கள். ஹனூருக்கு இனி லாரி கிடையாது. புலியை எடுக்கச் சொல்லி என்னிடம் கத்தினார்கள். நான் எடுத்தால் தொழிலாளிகள் உள்ளே வரமாட்டார்கள். என்னை அனுப்பினாலும் அவர்கள் வரமாட்டார்கள், புலியைச் செய்தவன் கோபித்துக்கொண்டு போனால் ஆகாதாம். ஆகவே வேலையை விட்டும் அனுப்பவில்லை, வேலையும் கொடுப்பதில்லை. கேட்டுப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதில் உட்கார்ந்து புலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்ட என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மாமாவின் உத்தியோகம் எனக்கு வந்துவிட்டது.

பரவாயில்லை. உன் தோட்டம் உனக்கு வந்துவிட்டது. அதை நினைத்தால் ஸ்டூல்கூட உறுத்தவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு எனக்கு எழுது.

ஜடையன்


ஹனூர்
18.7.1997

என் தம்பி ஜடையனுக்கு,

வேலியைப் பிடுங்கி அடுப்பெரித்துவிட்டேன். தோட்டத்தில் ஒரு ஆணி கிடையாது. சிவன் சொத்துக்குப் பயந்து ஜனங்கள் மண்ணைச் சல்லடையில் சலிக்காத குறை. உன் மாமா ருத்திராட்சத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னோடு பேசாமல் இருக்கிறார். அது எனக்கு ஒரு ஓய்வு. நேற்று வெகுநாள் கழித்துக் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தேன்.

நீ சொன்னபடியே ஒரு வாளி இறைத்தேன். பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. வாயில் வைத்ததும் நாக்கு மரத்துப்போனது. துப்பிவிட்டேன். எருது இன்னும் தொட்டிப் பக்கம் வருவதில்லை. கரையோரம் போன மாதமே ராகி விதைத்துப் பார்த்தேன், முளைத்து வந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. இரண்டு மழை பெய்தால் சரியாகிவிடும் என்கிறாள் லிங்கம்மா. அவள் எனக்காகச் சொல்கிறாள். அவள் கிணறும் அப்படி ஆகிவிடுமோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம், அதை என்னிடம் எப்படிச் சொல்வாள்?

புலியை ஏற்றி அனுப்பிவிட்டேன். பலகையை அனுப்பினேன், தகடு, கம்பி, ரேடியோ எல்லாம் அனுப்பினேன். மண்ணுக்குள் இறங்கினதை எந்த லாரியில் ஏற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் இன்னும் கனவு காணவில்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, அதையும் அந்த லாரியிலேயே போட்டுவிட்டேன். ஆடி பிறந்துவிட்டது. போன ஆடியில் வந்தாயே, அதுபோல நிர்மலாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா. புகை இல்லை, மேதா ஓடி விளையாடலாம். கோழி அடித்து வைக்கிறேன், ராகிக் களி கிண்டி வைக்கிறேன், உனக்குப் பிடித்த கடலைத் துவையலும் உண்டு. ஒன்றே ஒன்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அப்பன் கொடுத்த மண்ணுக்கு வருகிற தம்பியிடம் எந்த அக்காவும் இதைக் கேட்டிருக்க மாட்டாள்.

வரும்போது உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்துவிடு.

அக்கா
சித்தம்மா